டயரில் காற்று எவ்வளவு அடிப்பது?

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அவ்வளவு காற்றையும் அடித்துவிடாதீர்கள், அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் பைக்குக்கு வேண்டியது செயின் கவரிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அளவு கிலோபாஸ்கலில் (kPa) இருந்தால் 7-ஆல் வகுங்கள், ஏறக்குறைய பிஎஸ்ஐ (psi) வந்துவிடும், 200 என்றால் 29. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு வேறு அளவு போட்டிருக்கும், பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மியான்மரில், மோல்மீனில் இருந்து மதிய வெயிலில் தட்டோன் வரை ஓட்டிப்போய் நிறுத்தியதும் கேஜ் வைத்தால் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். கூடிவிட்டதே என்று இறக்கிவிடாதீர்கள்! காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அப்புறம் வால்வு நுனியில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் கசிகிறது.