சைல்: பட்டியாலா அரசர்களின் மலையூருக்குப் போய்வர

சிம்லாவில் தங்குகிறவர்கள் சைலை ஒரே பிற்பகலில் பார்த்து முடித்துவிடலாம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. தூரம் 45 கி.மீ.தான். ஆனால் அந்த வழி குஃப்ரி என்ற சுற்றுலாத் தலத்தைத் தொட்டுப் போகிறது. மே, ஜூன் மாதங்களிலும் வார இறுதிகளிலும் குதிரைச் சவாரிக்கு வரும் வண்டிகள் அங்கே சாலையை அடைத்துக்கொள்ளும். சைல் அரண்மனை வாசலை எட்டும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஓர் இரவாவது சைலில் தங்குங்கள்.

போகும்போது கண்டாகாட் வழியே ஏறுங்கள்; திரும்பும்போது வேண்டுமானால் குஃப்ரி வழியே சிம்லா போகலாம். கல்கா-சிம்லா சிறு ரயிலில் ஏறிக் கண்டாகாட்டில் இறங்கினால் மீதி சுமார் 30 கி.மீ.; வண்டியில் ஒன்றரை மணி நேரம். எல்லா ரயிலும் கண்டாகாட்டில் நிற்காது, சீட்டு எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே டாக்ஸிகள் குறைவு. முந்தைய நாளே பேசி வைப்பது நல்லது. பேசும்போது போக மட்டுமா, போய்வரவா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்து வாங்குவது மலையில் வழக்கம், சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பேருந்துகள் உண்டு, ஆனால் சில நடைகள்தான். கடைசி நடை எப்போது என்று காலையிலேயே விசாரியுங்கள்.

வழியில் சாதுபுலில் ஆற்றுக்குள்ளேயே மேசை போட்டிருப்பார்கள். கோடையில் கால் நனைத்துச் சாப்பிடலாம். மழைக்காலத்தில் அந்த ஆற்றில் இறங்கவே வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே எங்கோ பெய்த மழை சட்டென்று வெள்ளமாக வந்துவிடும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மண்சரிவும் உண்டு. மார்ச்-ஜூன், செப்டம்பர் இறுதி-நவம்பர் இரண்டுமே நல்ல காலம். தெளிந்த வானம் வேண்டுமென்றால் அக்டோபர்தான்.

சைல் மூன்று குன்றுகளின் மேல் பரந்த ஊர். ராஜ்கட் குன்றில் அரண்மனை இருக்கிறது. இப்போது அது இமாச்சல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல். தங்காதவர்களும் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம். திறந்ததும் போய்விடுங்கள், பகல் சுற்றுலா வண்டிகள் வந்துவிட்டால் கூடத்தில் நிற்க இடமிருக்காது. அறை பதிவு செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே பெயரில் தேவதாரு மரங்களுக்கிடையே தனித்தனிக் குடில்களும் இருக்கின்றன. அரண்மனைக் கட்டடத்துக்குள்ளே உள்ள அறைதானா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், பிரிட்டிஷ் இந்தியப் படைத் தலைவராக இருந்த கிச்சனர் பிரபுவின் மகளைக் காதலித்ததால் சிம்லாவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டார், அந்தக் கோபத்தில் சைலை எழுப்பினார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆனால் கிச்சனர் திருமணமே செய்துகொள்ளாதவர். சைலின் கிரிக்கெட் மைதானம் அமைந்ததாகச் சொல்லப்படும் 1893இல் பூபிந்தர் சிங் இரண்டு வயதுக் குழந்தை. அரியணையில் இருந்தவர் அவர் தந்தை ராஜிந்தர் சிங். நேபாளத்தோடு நடந்த கூர்க்கா போரில் உதவியதற்காக ஆங்கிலேயர் பட்டியாலாவுக்குக் கொடுத்த நிலப்பகுதிகளில் சைலும் ஒன்று. இந்த வரலாறே போதுமான சுவையுள்ளது.

2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் காட்டைச் சமன்செய்து போட்ட அந்த மைதானம் இப்போது ராணுவப் பள்ளியின் வசம் இருக்கிறது. பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். காவலரிடம் வாதாடிப் பயனில்லை.

காளி கா டிப்பா கோயிலுக்கு விடிந்ததும் போங்கள். நண்பகலுக்குப் பிறகு மேகம் ஏறிவிட்டால் 3,647 மீட்டர் சூர்தார் சிகரம் மறைந்துவிடும். கடைசிப் பாதை குறுகலும் செங்குத்துமானது. மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் உள்ளூர் ஓட்டுநரிடம் விடுவதே நல்லது. அரசர்களின் வேட்டைக்காடு இன்று வனவிலங்கு சரணாலயம். காலையில் பேச்சைக் குறைத்து நடந்தால் கேளையாடும் காட்டுக்கோழி இனங்களும் தென்படும்.

மே மாதத்திலும் இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும். ஜனவரியில் போனால் வெயில் சாலையில் விழுந்த பிறகே வண்டியை எடுங்கள். நிழல் வளைவுகளில் ஈரம்போலத் தெரிவது உண்மையில் உறைந்த பனி. அதன்மேல் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். கையில் தின்பண்டப் பொட்டலத்தோடு நடக்காதீர்கள், குரங்குகள் பறித்துவிடும்.