டிபி பாக்ஸ் மாற்றும்போது எம்சிபியைப் பெரிதாக்காதீர்கள்

பழைய ஃப்யூஸ் போர்டை எடுத்துவிட்டுப் புது டிபி பாக்ஸ் (வீட்டின் சர்க்யூட்டுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டி) வைக்கும்போது பலர் செய்யும் தவறு, அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று 16 ஆம்பியர் இடத்தில் 32 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் அளவை மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) போடுவது. எம்சிபி காப்பது ஒயரைத்தான், சாதனத்தை அல்ல. ஒயர் மெல்லியதாக இருந்தால், எம்சிபி விழுவதற்குள் சுவருக்குள்ளேயே இன்சுலேஷன் உருகிவிடும். செம்பு ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 10 ஆம்பியர், 2.5 என்றால் 16, 4 என்றால் 20 போதும். லோடு கூடுகிறதா, தனி ஒயர் இழுங்கள்.

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் வையுங்கள். அதன் வழியே போகும் சர்க்யூட்டுகளின் நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் ஒயர்) எல்லாம் அதற்கென்று உள்ள தனி நியூட்ரல் லிங்கில்தான் (நியூட்ரல் ஒயர்களை இணைக்கும் பட்டை) சேர வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் அந்த சர்க்யூட்டில் லோடு போட்டதும் ட்ரிப் ஆகும். பழுது ஆர்சிசிபியில்தான் என்று நினைத்து அதையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஓவர்லோடை ஆர்சிசிபி கவனிக்காது, எம்சிபியும் வேண்டும்.

ஸ்க்ரூக்களை நன்றாக இறுக்குங்கள். தளர்ந்த இணைப்புதான் சூடாகிக் கருகும். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும். மின் இணைப்பை முறைப்படி துண்டித்த பிறகு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டுமே அதைத் தொடட்டும்.