பிரேக்கில் கரகர சத்தமா? பேடை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. குடும்பத்தோடு ஏழு பேர், பின்னால் பலாப்பழ மூட்டை, அத்தனை பாரத்தையும் ஏற்றிக்கொண்டு இறங்கி அடிவாரத்தில் காரவள்ளி வரும்போது முன்பக்க இடது சக்கரத்தில் கரகரவென்று சத்தம் கேட்டது, அதுவும் பிரேக்கை மிதித்தால் மட்டும். ஊருக்கு வந்து பட்டறையில் காட்டினேன். அலாய் வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பேடு பாதிக்கு மேல இருக்கு சார், தூசிதான்" என்று அனுப்பிவிட்டார்கள். பேடு என்பது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்கிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை. இரண்டு வாரம் கழித்து வேறு இடத்தில் சக்கரத்தைக் கழற்றினால், வெளிப்பக்கப் பேடு உண்மையிலேயே பாதி இருந்தது, உட்பக்கப் பேடில் வெறும் இரும்புத் தகடுதான் மிச்சம். டிஸ்க்கின் உட்புறம் நகம் மாட்டுகிற ஆழத்துக்கு வரிவரியாக அறுபட்டிருந்தது.

இதுதான் நிறைய பேர் செய்கிற முதல் தவறு. வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது வெளிப்பேடு மட்டும். பெரும்பாலான குடும்ப வண்டிகளில், பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பர் என்கிற கவ்வியின் பிஸ்டன் (ஆயில் அழுத்தத்தில் பேடைத் தள்ளும் உருளை) உட்பக்கம்தான் இருக்கும். அது முதலில் உட்பேடைத் தள்ளும், அப்புறம் கேலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடையும் டிஸ்க்கோடு இழுத்துப் பிடிக்கும். அந்தப் பின்னில் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்தால் கேலிப்பர் நகராது, அத்தனை வேலையும் உட்பேடின் தலையில் விழும், பாதி ஆயுளில் தேய்ந்துவிடும். அதனால் சக்கரத்தைக் கழற்றாமல் "பேடு இருக்கு" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதுப் பேடில் உராயும் பகுதி 10 மில்லிமீட்டர் போல இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்கவும் பழகிக்கொள்ளுங்கள். கீச்சென்று மெலிதாகக் கேட்டால் பல வண்டிகளில் அது பேடோடு வருகிற எச்சரிக்கைத் தகடு, இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு என்று அர்த்தம். கரகரவென்று அரைத்தால் இரும்பும் இரும்பும் உரசுகிறது, ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் நான்கைந்து பிரேக்கில் வந்து மறைகிற உரசல் டிஸ்க்கின் மேல்துரு, அதற்காகப் பயப்பட வேண்டாம். பிரேக்கே மிதிக்காதபோதும் டின்னைச் சுரண்டுவது மாதிரி கேட்டால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டில் ஜல்லிக்கல் மாட்டியிருக்கலாம். வேகம் கூடக் கூட ஊங்காரம் ஏறி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் மாறுகிறதென்றால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், பேடை மாற்றினாலும் அந்தச் சத்தம் போகாது. பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் உள்ள வண்டி என்றால் டிரம்மைக் கழற்றி, உள்ளே உரசும் ஷூவையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரஸரால் ஊதவிடாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப பிரேக் ஆயில் இறங்கும், டப்பாவில் அளவு குறையும். வளைவில் திரும்பும்போது சிவப்பு பிரேக் விளக்கு மின்னி மின்னி அணைந்தால் அளவு குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. நாம் என்ன செய்கிறோம்? ஒரு பாட்டில் வாங்கி ஊற்றி விளக்கை அணைத்துவிடுகிறோம். தேய்மானத்தைச் சொல்ல வந்த அறிகுறியை நாமே அழித்துவிடுகிறோம். பின்னால் புதுப் பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஊற்றிய ஆயில் பொங்கி வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும்.

சரி, வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். ஒரு சக்கரத்துக்கு மட்டும் பேடு மாற்றாதீர்கள், முன்பக்கம் என்றால் இரண்டு பக்கமும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்களைக் கழற்றி, துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கிற சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை உப்பி, அந்தப் பின்கள் மறுபடி இறுகும். கேலிப்பரை பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஓஸில் தொங்கவிடுவதைப் பார்த்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டினால் போதும், ஓஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது.

டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். லேத்தில் கொடுத்து வரியை எடுத்த பிறகு அந்த அளவுக்குக் கீழே போகுமென்றால் புது டிஸ்க்தான், பேசுவதற்கு ஒன்றுமில்லை. அளக்கும்போது வெர்னியர், டிஸ்க் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பு மேட்டில் உட்கார்ந்துவிடும், கனம் அதிகமாகக் காட்டும், மைக்ரோமீட்டர் வைத்து நடுவில் அளக்க வேண்டும். என் வண்டியில் டிஸ்க் தப்பவில்லை. முதல் தடவையே சக்கரத்தைக் கழற்றியிருந்தால் ஒரு செட் பேடோடு முடிந்திருக்கும்.

மலை இறங்கிய கையோடு சூடான டிஸ்க்கில் தண்ணீர் அடிக்காதீர்கள். இறங்கும்போதும் பிரேக்கிலேயே காலை ஊன்றாமல் இரண்டாவது கியரில் விடுங்கள்.

புதுப் பேடு போட்டதும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மெல்ல மிதித்துக்கொண்டே இருங்கள், பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது. பேடு டிஸ்க்கோடு படிவதற்கு, காலியான சாலையில் 50 வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஆறவிட்டு, எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். பட்டறையை விட்டுக் கிளம்பும்போது பழைய பேடு நான்கையும் கேட்டு வாங்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சாய்வாகவோ மெலிந்தோ இருந்தால், அந்தப் பக்கத்துப் பின்னையும் பிஸ்டனையும் இன்னொரு முறை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.