வெளிச்சத்தைக் கூட்டினால் போதுமா? நவீன இயற்பியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இங்கே மலேசியாவில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளின் பயிற்சித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பதினெட்டுத் தாள்களில் பதினொன்றில் ஒரே வரி: ஒளி பிரகாசமாக இருந்தால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வேகமாக வெளியே வரும். மலாயில்தான் எழுதியிருந்தார்கள், கருத்து இதுதான். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பல வருடங்களுக்கு முன்னால் பட்டர்வொர்த்தில் டியூஷன் எடுக்கத் தொடங்கியபோது, இதே தவறை ஒரு வகுப்புக்கு நானே செய்துகாட்டிக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.

அலகு போடாமல் விடுவது, நானோமீட்டரை மீட்டராக்க மறப்பது, ஒளியாண்டைக் காலம் என்று நினைப்பது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தேர்வில் மதிப்பெண் போனால் தானாகச் சரியாகிவிடும். சூத்திரம் சரியாகத் தெரிந்தும் மனத்தில் தப்பான படம் உட்கார்ந்திருக்குமே, அந்த வகைத் தவறுகள்தான் எனக்குக் கவலை.

அலையோடு தண்ணீரும் போகிறது என்று நினைப்பது

ஜார்ஜ்டவுன் ஃபெரி ஜெட்டியில் நின்று, தண்ணீரில் மிதக்கும் ஒரு காலி போத்தலைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அலை வந்து கடந்து போகும். போத்தல் ஏறி இறங்கி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். கரையைத் தொடுவது ஆற்றல்.

இதோடு இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அலை ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வேகம் மாறும், அலைநீளம் மாறும். அதிர்வெண் மாறாது. வினாடிக்கு எத்தனை முகடு எல்லைக்கு வந்ததோ அத்தனையும்தான் உள்ளே போக முடியும். நடுவில் காணாமல் போக வழியில்லை. நீச்சல் குளத்துக்குள் முங்கிப் பார்த்தாலும் சிவப்புச் சட்டை சிவப்பாகவே தெரிவது இதனால்தான்.

செறிவையும் அதிர்வெண்ணையும் ஒன்றாக்குவது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். செறிவு என்றால் ஒளி எவ்வளவு பிரகாசம் என்பது.

அப்போது ஒளிமின் விளைவு, அதாவது ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவருவது, ஆறாம் படிவத்தில்தான் வரும். பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு ஜாம் போத்தல், செம்புக் கம்பி, அலுமினிய இழை, மேலே ஒரு துத்தநாகத் தகடு, இவற்றை வைத்து ஒரு மின்காட்டி செய்தேன். பிவிசி குழாயைக் கம்பளித் துணியில் தேய்த்துத் தகட்டில் எதிர்மின்னூட்டம் ஏற்றினால் இழை விரிந்து நிற்கும். தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறினால் இழை சுருங்கும். வன்பொருள் கடையில் 500 வாட் ஹாலோஜன் விளக்கு ஒன்றும் வாங்கிவந்தேன். இவ்வளவு வெளிச்சத்துக்குத் தாங்காமல் எலக்ட்ரான்கள் கிளம்பிவிடும் என்று நினைத்தேன்.

விளக்கைப் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் இழை சுருங்கிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "பார்த்தீர்களா, வலுவான ஒளி எலக்ட்ரான்களை வெளியே தள்ளுகிறது" என்று கரும்பலகையில் எழுதினேன். பின் வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கி, "சார், விளக்கைப் போடாமலும் ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் செய்து பார்த்தேன். விளக்கே இல்லாமல் இழை ஏறக்குறைய அதே நேரத்தில் சுருங்கியது. காரணம் நம் ஊரின் ஈரக் காற்று. போத்தல் மூடியில் படியும் ஈரத்தின் வழியாக மின்னூட்டம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஹாலோஜன் ஒன்றுமே செய்யவில்லை. அடுத்த வகுப்பில் தவறை ஒப்புக்கொண்டு திருத்தினேன். ஆனாலும் கண்ணால் பார்த்தது மனத்தில் நின்றுவிட்டது. முன்னோட்டத் தேர்வில் நாலைந்து பேர் நான் முதல் நாள் எழுதியதையே எழுதி, அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணை முழுசாக இழந்தார்கள். அந்த மாணவி கேட்டபோது இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால் அது நடந்திருக்காது.

சரி, ஏன் ஹாலோஜனால் முடியவில்லை? துத்தநாகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி எடுக்கச் சுமார் 4.3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இதுதான் வெளியேற்று ஆற்றல். எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலுக்கு ஒரு மிகச் சிறிய அலகு. ஒளி ஃபோட்டான் ஃபோட்டானாக, அதாவது சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக, வருகிறது. ஒரு ஃபோட்டானின் ஆற்றல் அதிர்வெண்ணை மட்டும் பொறுத்தது. 1240-ஐ அலைநீளத்தால், நானோமீட்டரில், வகுத்தால் அந்த ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைத்துவிடும். சிவப்பு, 700 நானோமீட்டர்: 1.77. கண்ணுக்குத் தெரியும் ஊதாவின் கடைசி ஓரம், 400 நானோமீட்டர்: 3.1. இரண்டுமே 4.3-ஐ எட்டவில்லை. எட்ட வேண்டுமென்றால் 288 நானோமீட்டருக்குக் கீழே, புற ஊதாவுக்குள் போக வேண்டும். ஹாலோஜன் குமிழிலிருந்து கொஞ்சம் புற ஊதா வந்தாலும் முன்னால் இருக்கும் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். மிச்சமிருக்கும் ஃபோட்டான்கள் வினாடிக்கு எத்தனை தெரியுமா? 1க்குப் பின்னால் 21 சுழியம் போடுங்கள், அந்த அளவு. அத்தனையும் வந்து மோதி, தகடு சூடானதுதான் மிச்சம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது வழிநெடுகச் சிதறு தேங்காய் உடைப்பதைப் பார்க்காத பிள்ளை இங்கே இருக்காது. ஆயிரம் தேங்காயை மெல்ல உருட்டிவிட்டால் ஒன்றாவது உடையுமா? ஓங்கி அடித்தால் ஒரே ஒரு தேங்காய், அந்த நொடியே சிதறும். எத்தனை தேங்காய் என்பது செறிவு. ஒவ்வொன்றையும் எவ்வளவு ஓங்கி அடிக்கிறோம் என்பது அதிர்வெண். இந்த உவமை ஓர் இடத்தில் நொண்டும்: தேங்காயை மெதுவாகப் பலமுறை தட்டினால் விரிசல் விடலாம். எலக்ட்ரான் அப்படிச் சேர்த்து வைப்பதில்லை. நாம் பயன்படுத்தும் விளக்குகளில் ஓர் எலக்ட்ரான் ஒரு சமயத்தில் ஒரு ஃபோட்டானைத்தான் வாங்கும். போதவில்லையா, அந்த ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். அடுத்த ஃபோட்டான் வரும்போது கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து.

எலக்ட்ரான் வெளிவரத் தேவையான குறைந்தபட்ச அதிர்வெண்ணை மலாய்ப் பாடநூலில் 'ஃபிரெகுவென்சி அம்பாங்' என்று படிக்கிறீர்களே, அந்த 'அம்பாங்' வாசற்படிதான். படியைத் தாண்டும் உயரத்துக்குக் கால் தூக்கினால் உள்ளே போகலாம். எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது படியின் உயரத்தை மாற்றாது.

அப்படியானால் செறிவுக்கு வேலையே இல்லையா? உண்டு. அதிர்வெண் வாசற்படியைத் தாண்டிய பிறகு செறிவைக் கூட்டினால் அதிக எலக்ட்ரான்கள் வரும், மின்னோட்டம் கூடும். ஒவ்வொன்றின் உச்ச இயக்க ஆற்றலும் அப்படியே இருக்கும். இங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்குவார்கள்: செறிவை மாற்றாமல் அதிர்வெண்ணை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? ஃபோட்டான் ஒவ்வொன்றும் கனமாகிறது, அதனால் அதே வாட்டுக்கு எண்ணிக்கை குறைகிறது. விடை எழுதும்போது "எத்தனை?", "ஒவ்வொன்றும் எவ்வளவு?" என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரைபடத்திலும் இதே தவறு தலைகாட்டும். உச்ச இயக்க ஆற்றலுக்கும் அதிர்வெண்ணுக்கும் கோடு வரையச் சொன்னால், ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒவ்வொரு சாய்வு போடுகிறார்கள். சாய்வு பிளாங்க் மாறிலி, அதாவது ஃபோட்டானின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணால் வகுத்தால் வரும் மாறாத எண். உலகத்தில் எல்லா உலோகத்துக்கும் அது ஒன்றுதான். கோடுகள் இணையாக இருக்க வேண்டும்; அச்சை வெட்டும் இடம் மட்டும் மாறும்.

இதை நம்ப மறுத்தவர்களில் பெரியவர்களும் உண்டு. வெளிச்சத்தைக் கூட்டினாலும் எலக்ட்ரானின் ஆற்றல் கூடுவதில்லை என்று இயற்பியலாளர் லெனார்ட் 1902இல் கண்டுவிட்டார். 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கம் கொடுத்தார். அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் அந்த விளக்கத்தை ஏற்காமலே வருடக்கணக்கில் அளந்தார். 1916இல் அவர் வெளியிட்ட அளவுகள் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டோடு அப்படியே பொருந்தின. தன் எண்ணத்துக்கு எதிராக வந்த அளவை மறைக்காமல் வெளியிட்டாரே, அந்த நேர்மையை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

இப்போது சோதனையைச் செய்யும் முறை வேறு. மூடியை முடி உலர்த்தியால் காயவைப்பேன். தகட்டை மணல்தாளால் தேய்த்து ஆக்சைடு படலத்தை எடுப்பேன். முதலில் விளக்கே இல்லாமல் இழை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எல்லோருமாக நேரம் குறிப்போம். அப்புறம்தான் 254 நானோமீட்டர் தரும் 8 வாட் கிருமிநாசினி விளக்கு. ஃபோட்டானுக்கு 4.9 எலக்ட்ரான் வோல்ட். இழை சில வினாடியில் விழும். நடுவில் சாதாரணக் கண்ணாடித் துண்டு வைத்தால் நின்றுவிடும். தகட்டில் நேர்மின்னூட்டம் ஏற்றினால் இழை விழாது. அந்த விளக்கு கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். முழுக்க மூடிய பெட்டிக்குள் வையுங்கள், ஆசிரியர் இல்லாமல் தொடவே கூடாது.

எலக்ட்ரானுக்கு ஃபோட்டான் சூத்திரத்தைப் போடுவது

100 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானின் அலைநீளம் கேட்டால் 1240-ஐ 100ஆல் வகுத்து 12.4 நானோமீட்டர் என்று எழுதுகிறார்கள். அது ஃபோட்டானுக்கு. நிறை உள்ள எலக்ட்ரானுக்கு, பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய் சொன்னபடி, பிளாங்க் மாறிலியை உந்தத்தால் வகுக்க வேண்டும். விடை 0.123 நானோமீட்டர். நூறு மடங்கு பிழை.

எலக்ட்ரானைக் கோள் மாதிரிச் சுற்றவிடுவது

வேண்டாம்.

சிவப்பாகத் தெரிவதெல்லாம் செம்பெயர்ச்சி என்பது

விலகிப்போகும் பொருளின் ஒளி அலை நீண்டு நிறமாலையின் சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி. திருவாதிரை விண்மீன் செம்மையாகத் தெரிவதால் அது நம்மைவிட்டு விலகி ஓடுகிறது என்று ஒரு பையன் எழுதினான். அதன் மேற்பரப்பு சூரியனைவிடக் குளிர்ந்தது, சுமார் 3,500 கெல்வின். செம்மைக்குக் காரணம் அதுதான். செம்பெயர்ச்சியை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிறமாலையில் தெரிந்த ஒரு கோடு எங்கே நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் கோடு 722 பக்கம் வந்திருந்தால், அலை பத்து விழுக்காடு நீண்டிருக்கிறது. எல்லா விண்மீன் மண்டலமும் விலகுகிறது என்றும் எழுதாதீர்கள். ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி வருகிறது.

பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது என்று தேடுவது

எல்லா இடத்திலும். மையம் கிடையாது.

பழைய ஒளி மங்கிவிட்டது என்று மட்டும் சொல்வது

1965இல் வானியலாளர்கள் பென்சியாசும் வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்னணி, பேரண்டத்துக்கு ஏறக்குறைய 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி. அப்போது எல்லாம் சுமார் 3,000 கெல்வின் சூட்டில் இருந்தது. வெளி விரிந்ததில் அந்த அலை ஆயிரத்து நூறு மடங்கு நீண்டு, இன்று 2.7 கெல்வினுக்கு இறங்கியிருக்கிறது. எண்ணிக்கை சிதறிக் குறைந்தது ஒரு பக்கம். ஒவ்வொரு ஃபோட்டானும் இளைத்தது இன்னொரு பக்கம். இங்கேயும் அதே இரண்டு கேள்விகள்தான்.

இந்த வாரத் தாளின் கடைசிக் கேள்வி இதிலிருந்து வருகிறது. விண்வெளியில், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்தப் பழைய ஃபோட்டான்கள் சுமார் 400 இருக்கின்றன. அலைநீளம் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 400ம் ஒன்றாக வந்து துத்தநாகத் தகட்டில் மோதினால் ஓர் எலக்ட்ரானாவது வெளியே வருமா? ஒரு ஃபோட்டானின் ஆற்றலைக் கண்டுபிடித்து, 4.3-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள், 3,500க்குப் பக்கத்தில் வரும். அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பெண்தான் வைத்திருக்கிறேன். மிச்சம் மூன்றும் காரணத்துக்கு.