கையைக் கடிக்காத ஹாங்காங்: முதல்முறை போகிறவர்களுக்கான பயணத் திட்டம்

ஹாங்காங் செலவு பிடித்த ஊர் என்பது பாதிதான் உண்மை. தங்கும் அறைக்குத்தான் அங்கே அநியாய விலை. டிராம், படகு, பேருந்து, மலைப்பாதை எல்லாம் மலிவு, அல்லது இலவசம். அந்த ஊரைப் பார்க்க இவற்றைவிட நல்ல வழியும் கிடையாது. அதனால் பட்ஜெட்டில் முதலில் அறைக்கு ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில் தாராளமாகவே சுற்றலாம்.

படி 1: தேதியும் அனுமதியும்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வானம் தெளிவாக இருக்கும், மலையேறினாலும் வியர்த்துக் கொட்டாது. அக்டோபர் முதல் வாரத்தில் சீனாவின் தேசிய விடுமுறை வருகிறது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ சீனப் புத்தாண்டு. இரண்டிலும் அறை வாடகை எகிறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புயல் காலம். எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் படகு, பேருந்து, கடை எல்லாம் முடங்கிவிடும். விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த மாதங்களில் போனால், காசு கொடுத்த நாள் அறைக்குள்ளேயே கழியலாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. ஆனால் வருகைக்கு முந்தைய பதிவு கட்டாயம். ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகச் செய்யலாம். காசு கேட்கும் இடைத்தரகர் தளங்களை மூடிவிடுங்கள். கிடைக்கும் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்சிட்டுப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஆறு மாதம் செல்லும், ஒருமுறை போனால் 14 நாள் வரை தங்கலாம். பதிவு ஏற்கப்படாமலும் போகலாம் என்பதால், இதை முடித்த பிறகே விமானச் சீட்டு எடுங்கள். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்களுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வாங்கத்தான் வேண்டும்.

படி 2: அறை எடுக்கும்போது மேட்டையும் பாருங்கள்

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஹாங்காங் தீவில் ஒரு விடுதி ரயில் நிலையத்திலிருந்து 300 மீட்டர் என்று வரைபடம் சொல்லும். அந்த 300 மீட்டரும் செங்குத்துப் படிக்கட்டாக இருக்கக்கூடும். மிட்-லெவல்ஸ், ஷியுங் வானின் மேல்பகுதி, சாய் யிங் பூன் எல்லாம் அப்படித்தான். பெட்டியோடு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். விடுதியின் தெருவை ஸ்ட்ரீட் வியூவில் ஒருமுறை பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு எதிர்க்கரையான கவ்லூன்தான் என் சிபாரிசு. சிம் ஷா சுய், ஜோர்டான், யாவ் மா டெய் மூன்றும் சமதளம், எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே ரயில் நிலையம். நாதன் சாலையில் இருக்கும் சுங்கிங் மேன்ஷன்ஸில் மிக மலிவான அறைகள் உண்டு. கட்டிலைச் சுற்றி நடக்க இடமிருக்காது, லிஃப்டுக்கு வரிசை நிற்கும், வாசலில் ஆட்கள் கூவி அழைப்பார்கள். தனியாக, சின்னப் பையோடு போகிறவர்களுக்குச் சரி. வயதான பெற்றோரோடு என்றால் வேண்டாம். அறை விலைக்கு மேல் 3 சதவீத வரி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

படி 3: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

வந்திறங்கியதும் ஆக்டோபஸ் அட்டை வாங்குங்கள். ரயில், பேருந்து, டிராம், படகு, பெட்டிக்கடை வரை அதைத் தட்டினால் போதும். பேருந்தில் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள் என்பதால் இது அவசியம். விமான நிலைய விரைவு ரயில் வேகமானது, ஆனால் விலை அதிகம். ஏ21 பேருந்துக்கு ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். நாதன் சாலை நெடுக நின்று போகும். தீவுப் பக்கம் தங்குகிறவர்களுக்கு ஏ11.

படி 4: ஏற வண்டி, இறங்கக் கால்

மலையூரில் பணத்தையும் முழங்காலையும் காப்பாற்ற இந்த ஒரு விதி போதும். தினத் திட்டத்தை இதை வைத்தே போடுங்கள்.

விக்டோரியா சிகரத்துக்கு 1888 முதல் ஓடும் மலை ரயிலான பீக் டிராம் இருக்கிறது. வரிசை நீளம், போக வரக் கட்டணமும் அதிகம். அதற்குப் பதில் தீவின் வணிக மையமான சென்ட்ரலில் 15ஆம் எண் பேருந்தில் ஏறி, மாடியில் முன் இருக்கையைப் பிடியுங்கள். மலையை வளைத்து வளைத்து ஏறும்போது வானளாவிய கட்டடங்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கம் தெரியும். மேலே போனதும் கட்டணம் கேட்கும் காட்சிமாடத்தை விட்டுவிட்டு லுகார்ட் சாலையில் நடங்கள். பெரும்பாலும் சமதளமான, மரநிழல் பாதை. கால்மணி நேரம், இருபது நிமிடத்தில் துறைமுகம் முழுக்கக் கண் முன்னால் விரியும். காசு கிடையாது. சுற்றுப்பாதை முழுவதும் மூன்றரை கிலோமீட்டர். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டால் பகலும் இரவு விளக்கும் இரண்டும் கிடைக்கும். பகலில் போனால் பழைய பீக் சாலை வழியாக நடந்தே இறங்கலாம். ஆனால் சரிவு கடுமை, முட்டி வலி உள்ளவர்கள் பேருந்திலேயே திரும்புங்கள்.

சென்ட்ரலிலிருந்து மிட்-லெவல்ஸுக்கு 1993இல் கட்டிய நகரும் படிகள் தொடராக 800 மீட்டருக்கு மேல் போகின்றன, இலவசம். காலை 10 மணி வரை கீழ்நோக்கி ஓடும், அலுவலகம் போகிறவர்களுக்காக. அதன் பிறகுதான் மேல்நோக்கி. ஆகவே பத்து மணிக்கு அப்புறம் போய் உச்சி வரை நின்றுகொண்டே ஏறி, சந்துகளில் வேடிக்கை பார்த்தபடி நடந்து இறங்குங்கள்.

லான்டாவ் தீவின் பெரிய புத்தரைப் பார்க்கவும் இதே விதிதான். கேபிள் காருக்குப் பதில் துங் சுங்கிலிருந்து 23ஆம் எண் பேருந்து. சிலையின் அடிவரை 268 படி, அதற்குக் கட்டணமில்லை.

நடக்கப் பிடித்தவர்கள் டிராகன்ஸ் பேக் மலைமுகட்டை விடாதீர்கள். ஷாவ் கெய் வான் ரயில் நிலையத்திலிருந்து 9ஆம் எண் பேருந்தில் டோ டெய் வான் நிறுத்தத்தில் இறங்கி ஏறினால், இருபுறமும் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்து பிக் வேவ் பே கடற்கரையில் போய் இறங்கலாம். முகட்டில் நிழலே இல்லை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

படி 5: சமதளத்தில்

தீவின் வடகரை நெடுக 1904 முதல் ஓடும் இரட்டை மாடி டிராமில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், மூன்று ஹாங்காங் டாலர் சொச்சம். பின்பக்கம் ஏறி, முன்பக்கம் இறங்கும்போது அட்டையைத் தட்ட வேண்டும். ஸ்டார் ஃபெர்ரி படகும் சில டாலர்தான். இருட்டியதும் அதில் ஒருமுறை போய்வந்தால் தனியாகத் துறைமுகச் சுற்றுலாப் படகு தேவைப்படாது.

படி 6: சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை. சா சான் டெங் என்ற தேநீர்க் கடைகளில் மதியம் பானத்தோடு சேர்ந்த தட்டு மலிவாகக் கிடைக்கும். பெரிய உணவகங்களில் 10 சதவீத சேவைக் கட்டணம் தனி. சைவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்: காய்கறிப் பண்டத்திலும் சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கலாம். புத்த சைவ உணவகங்களை நம்பலாம். பெரிய புத்தருக்கு அருகில் உள்ள போ லின் மடாலயத்திலும் சைவச் சாப்பாடு உண்டு. சோறும் சப்பாத்தியும் வேண்டும் என்றால் சுங்கிங் மேன்ஷன்ஸ் உணவகங்கள் இருக்கின்றன.

படி 7: நாட்களைப் பிரியுங்கள்

நான்கு நாள் போதும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மேடு. முதல் நாள் நகரும் படிகளும் டிராமும், மாலையில் சிகரம். இரண்டாம் நாள் முழுக்க லான்டாவ். மூன்றாம் நாள் டிராகன்ஸ் பேக், அல்லது கவ்லூன் சந்தைகள். நான்காம் நாளை வெறுமையாக விடுங்கள். மேகம் இறங்கிச் சிகரம் மறைந்துபோன நாளுக்கு ஈடாக அது உதவும். லான்டாவை வார நாளில் வைத்தால் கூட்டம் குறைவு.

முன்பணம் கட்டி வாங்கிய ஆக்டோபஸ் அட்டை என்றால், கிளம்பும்போது விமான நிலைய ரயில் கவுன்டரில் திருப்பிக் கொடுங்கள். சிறு கட்டணம் போக, முன்பணத்தையும் மீதித் தொகையையும் அங்கேயே தந்துவிடுவார்கள்.