ஹனோயின் மதியச் சாப்பாடு: வீட்டில் புன் சா செய்வது எப்படி?

2016-ல் ஒபாமா வியட்நாம் தலைநகர் ஹனோயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்ட படம் நினைவிருக்கிறதா? அன்று அவர் சாப்பிட்டது புன் சாதான். 'புன்' என்பது அரிசி சேமியா. 'சா' என்பது இங்கே கரியில் சுட்ட பன்றிக்கறி. ஹனோய்க்காரர்களுக்கு இது மதியச் சாப்பாடு. செய்வது கஷ்டமில்லை, ஆனால் சாஸில் கவனம் வேண்டும். பலர் அதைத் தொட்டுக்கொள்ளும் சட்னி மாதிரி நினைத்துவிடுகிறார்கள். சுட்ட கறியே அதில்தான் மிதக்கும். கிட்டத்தட்ட ரசம் போல.

நான்கு பேருக்கான அளவு சொல்கிறேன்.

முதலில் சர்க்கரைப் பாகு. 3 மேசைக்கரண்டி சர்க்கரையோடு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, சிறுதீயில் வையுங்கள். பொன்னிறம் தாண்டி, பால் விடாத டீயின் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, 3 மேசைக்கரண்டி வெந்நீரை ஓரமாக விடுங்கள். சீறித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கறிக்கு அந்தச் செம்பழுப்பு நிறம் வருவது இதனால்தான்.

அடுத்தது கறி. கொழுப்போடு அரைத்த தோள்பட்டைக் கொத்துக்கறி 300 கிராம், வயிற்றுக்கறி 300 கிராம். வயிற்றுக்கறியை மெல்லிசாக, நீளவாக்கில் நறுக்குங்கள். கொழுப்பு வேண்டாம் என்று நான் முதல் தடவை தனிக்கறியை அரைத்து வாங்கினேன். உருண்டைகள் ரப்பர் பந்தாகிவிட்டன. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 8, பூண்டு 4 பல், மீன் சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1, பாகு 1, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள். எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு கறியிலும் தனித்தனியாகப் பிசைந்து, ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். உப்பு போடாதீர்கள். மீன் சாஸ் என்பதே நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறுதான்.

கறி ஊறும் நேரத்தில் பப்பாளிக்காயையும் காரட்டையும் மெல்லிய வில்லைகளாகச் சீவி, உப்பு பிசறிப் பத்து நிமிடம் வைத்து அலசிப் பிழியுங்கள். கொஞ்சம் வினிகரும் சர்க்கரையும் சேர்த்தால் போதும்.

இனி சாஸ். மீன் சாஸ், சர்க்கரை, வினிகர் மூன்றும் தலா கால் கப், தண்ணீர் ஒன்றேகால் கப். அதாவது ஒன்றுக்கு ஐந்து. சர்க்கரை கரையும் வரை சூடாக்கி இறக்குங்கள், கொதிக்க வேண்டாம். ருசி பாருங்கள்: புளிப்பு, இனிப்பு, உப்பு எதுவும் தனியாகத் தூக்கி நிற்கக் கூடாது. வெதுவெதுப்பானதும் பொடித்த பூண்டும் சிவப்பு மிளகாயும் போடுங்கள். கடைசியில் போட்டால் மேலேயே மிதந்து மணக்கும். சூட்டில் போட்டால் பூண்டின் காரம் செத்துவிடும்.

கொத்துக்கறியை எலுமிச்சை அளவு உருட்டி, வடை போலத் தட்டுங்கள். கரி அடுப்பும் கம்பி வலையும் இருந்தால் அதுதான் சிறப்பு. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகைதான் இதன் வாசனை. இல்லையென்றால் இரும்புத் தவா சரி. பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம், ஓரம் லேசாகக் கருகும் வரை விடுங்கள். ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியக் கூடாது.

அரிசி சேமியாவை பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு வேகவைத்து, பச்சைத்தண்ணீரில் அலசி வடித்துவிடுங்கள். அலசாவிட்டால் ஒட்டிக் கட்டியாகிவிடும்.

சாப்பிடும் விதம் முக்கியம். கிண்ணத்தில் வெதுவெதுப்பான சாஸ், பப்பாளி, காரட், சுடச்சுடக் கறி. சேமியா தனித் தட்டில். லெட்டூஸ், புதினா, கொத்தமல்லி இன்னொரு தட்டில். அங்கே பெரில்லா என்ற வாசனை இலையும் இருக்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். சாஸைச் சேமியா மேல் கொட்டாதீர்கள். ஒரு வாய்க்கு வேண்டிய சேமியாவை மட்டும் கிண்ணத்தில் முக்கி, இலையைக் கிள்ளிப் போட்டு, கறியோடு எடுங்கள்.

மிஞ்சிய பாகைப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்த முறை வேலை பாதிதான்.