யாகிசுகி: கறுப்பு நிறத்தை மட்டும் பார்த்துச் செய்கிற தவறுகள்

வீட்டின் வெளிச்சுவருக்குக் கருக்கிய மரப்பலகை வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். இது மேற்கு ஜப்பானின் பழைய முறை. சுகி என்கிற ஜப்பானிய சீடர் மரப்பலகையின் மேற்பரப்பைத் தீயில் கருக்குவதால் யாகிசுகி என்று பெயர். நவோஷிமா தீவில், ஹோன்முரா கிராமத்துச் சந்துகளில், இந்தக் கறுப்புச் சுவர் வைத்த பழைய வீடுகளை இன்றும் பார்க்கலாம். 1999இல் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ அதே ஊரில் மினாமிதெரா கட்டடத்தை வடிவமைத்தபோதும் வெளிச்சுவருக்கு இதையேதான் எடுத்துக்கொண்டார். படத்தில் கறுப்பு தெரிகிறது. கரி எவ்வளவு கனம், பலகைக்குப் பின்னால் காற்று போக வழி இருக்கிறதா, கூரை எவ்வளவு தூரம் வெளியே நீண்டிருக்கிறது என்பதெல்லாம் தெரிவதில்லை. சுவர் நிலைப்பது அவற்றால்தான்.

முதல் தவறு, கேஸ் பர்னரை எடுத்துப் பலகையின் மேல் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு யாகிசுகி என்று சொல்லிக்கொள்வது. ஜப்பானில் மூன்று பலகைகளை முக்கோணக் குழாய் மாதிரி சேர்த்துக் கட்டி, அடியில் காகிதத்தைக் கொளுத்தி நிமிர்த்தி நிறுத்துவார்கள். புகைபோக்கிக்குள் இழுப்பதுபோலத் தீ உள்ளே மேலேறி, கொஞ்ச நேரத்தில் உச்சி வழியாக வெளியே வரும். சில நிமிடங்கள்தான், கட்டை அவிழ்த்துப் பலகைகளைப் பிரித்துப் போட்டு உடனே தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். உட்பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கரியாகி, பாளம் பாளமாக வெடித்திருக்கும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தீனியாகிற பொருள் அந்த மேற்பரப்பில் எரிந்துபோய்விடுகிறது, வெயிலும் நேராக மரத்தைத் தொடுவதில்லை. பர்னரில் கிடைப்பது மெல்லிய கறுப்புத் தோல். மழையும் வெயிலும் படுகிற சுவரில் அது சீக்கிரமே கரைந்து, திட்டுத் திட்டாகச் சாம்பல் நிற மரம் தெரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் மரம். சுகி என்பது வேகமாக வளர்கிற, எடை குறைந்த மென்மரம். அதனால்தான் சீராகக் கருகுகிறது. கையில் கிடைத்த கடின மரத்தையோ பிசின் நிறைந்த பைன் பலகையையோ போட்டு அதே பலன் வரும் என்று நம்ப முடியாது. பலகை மெலிதாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் சூடு பட்டதில் வளைந்தும் போகும்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலை மலையாகச் சுகி நட்டார்கள், பிறகு மலிவான இறக்குமதி மரம் வந்ததால் அது வெட்ட ஆளில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. அதன் மகரந்தத்தால் வசந்த காலம் முழுக்கத் தும்மிக்கொண்டிருப்பவர்கள் அங்கே கோடிக்கணக்கில். 2023இல் அரசே பத்து ஆண்டுகளில் சுகித் தோட்டப் பரப்பை 20 சதவீதம் குறைக்கத் திட்டம் போட்டது. அந்த ஊரில் சுகிப் பலகை வாங்குவது தேங்கிக் கிடக்கிற மரத்தைப் பயன்படுத்துவது. அதையே பாதி உலகம் கடந்து கப்பலில் வரவழைத்தால் கணக்கு வேறு. உள்ளூர் மென்மரத்தில் இரண்டு பலகையைக் கருக்கி, ஒரு மழைக்காலம் வெளியே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

எனக்கு மிகவும் கவலை தருவது, பலகையைச் சுவரோடு ஒட்டி அடிப்பது. கரி இருப்பது முன்பக்கம் மட்டுமே, பின்பக்கம் வெறும் மரம். நடுவில் ரீப்பர் அடித்து, கீழும் மேலும் காற்று நுழைந்து வெளியேற வழிவிட்டு, அந்த வாய்க்குப் பூச்சி வலை போட வேண்டும். கறுப்புச் சுவர் வெயிலில் நன்றாகவே சூடாகும், அந்தச் சூட்டை வெளியேற்றவும் இதே இடைவெளிதான் உதவுகிறது. அடிப்பலகை மண்ணைத் தொடக் கூடாது, தெறிக்கிற மழைத்தண்ணீர் எட்டாத உயரத்தில் நிற்கட்டும். பலகையை அளவுக்கு அறுத்த பிறகு முனையில் வெள்ளை மரம் தெரியும், தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த முனைதான், அதை மறுபடி கருக்கியோ எண்ணெய் தடவியோ மூடாமல் மாட்டாதீர்கள். ஆணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

வாசற்படி ஓரம், குழந்தைகள் உரசிக்கொண்டு போகிற நடை ஆகிய இடங்களில் கனமான கரிப் பலகை வேண்டாம், கையிலும் சட்டையிலும் ஒட்டும். அங்கே பிரஷ் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசிய பலகை சரி. ஆனால் அதற்கு அவ்வப்போது மறுபடி எண்ணெய் பூச வேண்டிவரும். கரி உதிராமலிருக்க வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது தோலாக உரிந்து கரியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஏற்கெனவே எரிந்த மரம், இனி எரியாது என்ற பேச்சையும் நம்பாதீர்கள். தீப்பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான். பக்கத்து வீடு நெருக்கமாக இருந்தால் உங்கள் ஊர்த் தீ பாதுகாப்பு விதிகளைப் பார்த்துவிட்டே பலகை வாங்குங்கள்.

பழைய மரத்தை மறுபடி பயன்படுத்துவது நல்ல எண்ணம்தான். ஆனால் பெயின்ட் அடித்த பலகையையோ பூச்சி மருந்து ஏற்றிய மரத்தையோ ஒருபோதும் கருக்காதீர்கள். பழைய மருந்து மரங்களில் ஆர்சனிக் இருக்கக்கூடும், எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அந்த விஷம் வரும். எங்கிருந்து வந்த மரம் என்று தெரியாவிட்டால் அதைத் தீயில் காட்டாமல் ஒதுக்கி வையுங்கள்.